மொரிஸ் மைனர்: தரையில் ஒரு சொட்டும் இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை

தலவாக்கலை மைனர் (ஞாயிறு, இரவு 8.40)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1960 மொரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின், 1 ஸ்ரீ நம்பர். அப்பா முப்பது வருஷம் ஓட்டியது. அவருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு இரண்டு வருஷமாக என் கையில் இருக்கிறது. வேலை நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வரும், போக வர 4 கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு மூன்று தடவை லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்.

நுவரெலியா போய் வந்த மறுநாள் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வண்டி நிற்பது சீமெந்துத் தரையில். ஈரம் கிடையாது. அட்டைப் பெட்டியை விரித்து வைத்தும் பார்த்தேன், காய்ந்த அட்டை காய்ந்தபடியே கிடந்தது.

இங்கே ஒரு மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினார். உள்ளே வெளிர் மஞ்சளாக, கட்டித் தயிர் மாதிரி அப்பியிருந்தது. "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, தண்ணி எண்ணெயில கலக்குது, ஹெட்டைத் தூக்கணும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் அந்தக் கேஸ்கட். ஹெட்டைச் சீவி, கேஸ்கட் போட்டு, வால்வும் உரச எவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

தூக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

வெலிமடை உருளைக்கிழங்கு (ஞாயிறு, இரவு 9.05)

மூன்று கேள்வி. எண்ணெய் மட்டம் ஏறுகிறதா? அளவுக் கம்பியில் வரும் எண்ணெயும் தயிராக இருக்கிறதா, இல்லை மூடியில் மட்டும்தானா? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருகிறதா? காலையில் வருவதைக் கேட்கவில்லை. நம்ம ஊர்க் குளிரில் காலையில் எல்லா வண்டியும்தான் புகைவிடும், மனுஷன் வாயிலேயே புகை வருகிறது.

சும்மா ஒரு மச்சான் (ஞாயிறு, இரவு 9.20)

ஒரு கரண்டி மஞ்சள் தூளை ரேடியேட்டருக்குள் போட்டு ஓட்டு மச்சான். கடுகண்ணாவை ஏற்றத்தில் எங்கள் மாமா அப்படித்தான் தப்பினார். அதற்கும் அடங்கவில்லை என்றால் டட்சன் ஏ12 எஞ்சினைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

பழைய ஃபிட்டர் (திங்கள், காலை 5.50)

தம்பி, மஞ்சள் தூளைப் போட்டுவிடாதே. நடு ரோட்டில் மாட்டிக்கொண்டவன் வீடு வந்து சேர அது உதவும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டையை மட்டும் அடை என்று மஞ்சளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான், கடையில் போத்தலில் விற்கும் அடைப்பு மருந்தும் அப்படித்தான். பெக்டரியில் இருந்த காலத்தில் முட்டை போட்ட ரேடியேட்டர் ஒன்றைக் கழற்றியிருக்கிறேன். அந்த வாசனையை விட்டுவிடுவோம்.

இப்போது விஷயம். உன்னிடம் இரண்டு அறிகுறி இருக்கின்றன. தண்ணீர் குறைகிறது, மூடியில் தயிர் இருக்கிறது. பாஸ் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் 4 கிலோமீட்டர் ஓடி நிற்கிற எஞ்சின் சூடாவதே இல்லை. எரியும் பெற்றோலிலிருந்து வரும் நீராவி கீழே இறங்கி, மேலே குளிர்ந்த தகர மூடியில் படிந்து எண்ணெயோடு கலக்கும். தலவாக்கலை மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் நல்ல எஞ்சினிலும் அந்தத் தயிர் பிடிக்கும். அதனால் மூடியை நம்பாதே, கம்பியைப் பார்.

இந்தச் சோதனையையும் செய். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்று. ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் வேகம் கொடுத்துப் பார். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது, பாஸ் சொன்னது சரி. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதே.

நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வை. ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்தச் சிலிண்டர் தண்ணீர் குடிக்கிறது.

ஹப்புத்தளை டீச்சர் (திங்கள், மாலை 4.15)

ஐயா சொன்னதோடு ஒன்று. தம்பி ரேடியேட்டரை எது வரை நிரப்புகிறார்? இந்த வண்டிகளில் மேலதிகத் தண்ணீருக்கென்று தனித் தொட்டி கிடையாது. கழுத்து வரை ஊற்றினால் சூடாகும்போது தண்ணீர் விரிந்து, ஓரத்துச் சின்னக் குழாய் வழியாக ரோட்டில் போய்விடும். நாம் மறுநாள் "ஐயோ குறைந்துவிட்டது" என்று திரும்ப ஊற்றுவோம், அது திரும்பத் துப்பும். எங்கள் ஆஸ்டின் ஏ40க்கு நான் ஒரு வருஷம் இப்படி ஊற்றிக்கொண்டிருந்தேன்! கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே விட்டதும் "கசிவு" நின்றது.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மைனருக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி. ஜப்பான் வண்டி மூடியில் 0.9 (பார் கணக்கு) என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 13 பவுண்டு, பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று அதைத் தாங்காது. கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்தாத மூடி என்றால் அடியில் போய் உட்காராது, அழுத்தமே பிடிக்காது.

தலவாக்கலை மைனர் (புதன், இரவு 7.30)

செய்து பார்த்தேன்.

கம்பியில் எண்ணெய் சுத்தம். கறுப்புத்தான், ஆனால் தயிர் இல்லை. மட்டமும் ஏறவில்லை. பெல்ட்டைக் கழற்றி ஓட்டினேன். முதலில் இரண்டு குமிழி வந்தது, நெஞ்சு பதறிவிட்டது, அப்புறம் ஒன்றுமில்லை. பிளக் நான்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் கரி பிடித்திருக்கிறது. மூடியில் 7 என்றுதான் இருக்கிறது, அடியிலும் சரியாக உட்காருகிறது.

டீச்சர், நான் கழுத்து வரைதான் ஊற்றிக்கொண்டிருந்தேன். இனி ஓர் அங்குலம் குறைத்துவிடுகிறேன். ஆனால் அரை லீற்றர் முழுவதும் அப்படியா போகும்?

ஹப்புத்தளை டீச்சர் (புதன், இரவு 8.00)

முழுவதும் போகாது. கொஞ்சம் அப்படி, மிச்சம் வேறெங்கோ.

வெலிமடை உருளைக்கிழங்கு (புதன், இரவு 8.25)

அப்படியானால் ஹெட்டைத் தூக்காதே. வேண்டுமென்றால் ஹெட் நட் ஒன்பதையும் குளிர்ந்த எஞ்சினில் முறைப்படி இறுக்கிப் பார், 40 பவுண்டு அடி. சிலநேரம் அதுவே போதும்.

பழைய ஃபிட்டர் (வியாழன், காலை 5.45)

உருளைக்கிழங்குத் தம்பி, நோய் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகு ஏன் கை வைக்க வேண்டும்? நட்டு ஏறுகிற அந்தத் தலையில்லா போல்ட், ஸ்டட், அறுபது வருஷத்துப் பழசு. அதோடு அந்த ஒன்பதில் நான்கு நட்டு, வால்வை அமுக்கும் ராக்கரின் தாங்கியையும் சேர்த்துப் பிடிக்கிறவை. இறுக்கினால் டாப்பட் இடைவெளி மாறும். குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்துத் திரும்ப எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். வேலை வேலையை இழுக்கும்.

வெளியே தேடு. சூட்டில் மட்டும், அழுத்தத்தில் மட்டும் ஒழுகுகிற இடம் அது. ஒழுகியது எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது, அதனால்தான் தரையில் விழவில்லை. தண்ணீர் போனாலும் தடம் போகாது. வெள்ளைப் பூவோ துருக் கோடோ விட்டுவிட்டுத்தான் போகும். பம்ப் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அங்கே ஈரம் கண்டால் பம்ப் சீல் முடிந்தது. பிளாக் பக்கவாட்டில் வெல்ச் பிளக்குகள் (வார்ப்புத் துளைகளை அடைக்கும் வட்டத் தகடுகள்) இருக்கின்றன, விளிம்பைச் சுற்றிப் பார். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கும் கூட்டின் விளிம்பைப் பார். ஹெட்டின் பின்னால் ஹீட்டருக்கான வாய் இருக்கிறது. ஹீட்டர் இல்லாத வண்டியில் அதை ஒரு தகட்டால் மூடியிருப்பார்கள், அந்தக் கேஸ்கட்டைக் கவனிக்கிற ஆளே கிடையாது. கடைசியாக பைபாஸ் ஹோஸ்.

பண்டாரவளை பதின்மூன்று (வியாழன், இரவு 9.10)

நான் பைபாஸ் ஹோஸுக்குப் பந்தயம் கட்டுகிறேன். பம்ப் தலைக்கும் ஹெட் அடிக்கும் நடுவில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. பிஎம்சி ஏ சீரிஸ் எஞ்சின் வைத்திருக்கிறவன் எல்லாரும் ஒரு தடவையாவது அதைத் திட்டியிருப்பான். மினியோ மைனரோ ஏ35ஓ, எதுவாக இருந்தாலும் கதை இதுதான்.

கண்டுபிடிக்க எங்கள் கராஜ் வழி: ஒரு பழைய மூடியின் நடுவில் துளை போட்டு ட்யூப் இல்லாத டயர் வால்வு ஒன்றைப் பொருத்து, காற்று போகாமல் அடைத்துவிடு. ரேடியேட்டரை நிரப்பி அந்த மூடியைப் போட்டு, மீட்டர் உள்ள கால் பம்பால் மெதுவாக 7 பவுண்டு ஏற்று. அதற்கு மேல் ஒரு மிதிகூட வேண்டாம். அதையும் விடியற்காலையில் செய். இரவுக் குளிரில் ரப்பரும் இரும்பும் சுருங்கி இருக்கும். சூட்டில் மூடிக்கொள்கிற வெடிப்பு குளிரில் வாய் திறக்கும்.

தலவாக்கலை மைனர் (சனி, காலை 7.20)

அண்ணே, பந்தயம் உங்களுக்கே.

காலை 6 மணிக்கு முள் 7இல் நிறுத்தினேன். பத்து நிமிஷத்தில் 5க்கு இறங்கியது. பம்ப் துவாரம் காய்ந்திருக்கிறது. வெல்ச் பிளக் பக்கம் துரு, ஆனால் ஈரம் இல்லை. அப்புறம் அப்பா சவரம் பண்ணும் வட்டக் கண்ணாடியை எடுத்துவந்து ஹோஸுக்கு அடியில் பிடித்து டோர்ச் அடித்தேன். மடிப்பு மடிப்பாக அக்கோடியன் பெட்டி மாதிரி ஒரு ரப்பர். கண்ணாடியில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு கண்ணாடியே மங்கியது. துடைத்தேன், திரும்ப மங்கியது. அப்போதுதான் புரிந்தது: இரண்டாவது மடிப்பின் பள்ளத்தில் நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, பனி மாதிரி தூவிக்கொண்டிருக்கிறது. எதிரே ஃபேன் இருக்கிறது, தூவியதை எஞ்சின் மேலேயே ஊதிக் காயவைத்துவிடும். ஹெட் முகப்பில் வெள்ளைக் கோடும் இருக்கிறது. இத்தனை நாள் அதை அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்திருக்கிறேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் குட்டி ரப்பரா? நான் ஒரு தடவை மாத்தினேனே" என்றார். எப்போது என்று கேட்டேன். தங்கச்சி பிறந்த வருஷம். தங்கச்சிக்கு இப்போது 27.

பண்டாரவளை பதின்மூன்று (சனி, காலை 8.00)

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். மடிப்பு வைத்ததையே கேட்டு வாங்கு, இரண்டாக வாங்கிக்கொள். கிளிப்பும் புதிது போடு. பம்பைக் கழற்றாமல் மாட்ட வேண்டும் என்றால் சவர்க்காரத் தண்ணீரைத் தடவி, மடிப்பை நசுக்கி மேல் வாயை முதலில் ஏற்று, அப்புறம் கீழ். கிளிப்பை முன்கூட்டியே ஹோஸில் கோத்துக்கொள்ள மறக்காதே, நான் இரண்டு தடவை மறந்தேன். திருகுத் தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் யோசித்துக்கொள், பிறகு திருப்ப இடம் இருக்காது.

தலவாக்கலை மைனர் (அடுத்த சனி, இரவு 7.00)

கொழும்புக்குப் போன மச்சினன் கையில் ஹோஸ் வந்து சேர்ந்தது. ஒன்றரை மணி நேரம் நசுக்கினேன். மேல் வாய் ஏறினால் கீழ் வாய் கழன்றது, கீழ் ஏறினால் மேல். விரல் தோல் போனது. கடைசியில் ரேடியேட்டரை இறக்கி, ஃபேனைக் கழற்றி, நான்கு போல்ட்டையும் எடுத்து பம்பையே வெளியே எடுத்தேன். ஹோஸை ஹெட்டில் மாட்டி, பம்பை அதற்குள் நுழைத்தேன், இருபது நிமிஷ வேலை. முதலிலேயே செய்திருக்கலாம். பம்ப் தண்டில் ஆட்டம் இல்லை, கேஸ்கட் மட்டும் புதிது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லவன். எல்லாம் கழன்றிருக்கிறதே என்று தெர்மோஸ்டாட்டையும் பார்ப்போம் என்று மூன்று நட்டில் ஸ்பேனர் வைத்தேன். இரண்டு வந்தது. மூன்றாவது லேசாகச் சுற்றியது, "ஆகா" என்றேன். நட்டோடு ஸ்டட்டின் பாதியும் கையில் வந்தது.

உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் குழி.

பழைய ஃபிட்டர் (ஞாயிறு, காலை 5.40)

உன் தயிர் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. "வெப்ப நாடு, இது எதற்கு" என்று யாரோ ஒரு காலத்தில் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். கொழும்பில் அது ஓரளவு ஓடும். காலையில் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் எஞ்சின் வேலைச் சூட்டை எட்டவே எட்டாது. எண்ணெயில் ஈரம், பிளக்கில் கரி, சிலிண்டரில் தேய்மானம், பெற்றோலும் கூடுதல். மைனரின் டாஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டரும் இல்லை, உனக்கு எப்படித் தெரியும்?

முறிந்த ஸ்டட்: எவ்வளவு வெளியே நிற்கிறது? அவசரப்பட்டு அதற்குள் எக்ஸ்ட்ராக்டரை விட்டு முறுக்காதே. அது உள்ளே முறிந்தால் துளை போடும் பிட்கூட அதில் இறங்காது.

தலவாக்கலை மைனர் (ஞாயிறு, காலை 9.30)

ஒரு நெல்மணி உயரம் நிற்கிறது ஐயா. எந்த ஸ்பேனர் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

வெலிமடை உருளைக்கிழங்கு (ஞாயிறு, காலை 9.45)

13 நம்பர் போட்டிருப்பாய். அது அரை அங்குல நட்டு, 12.7 மில்லிமீற்றர். 13 போகும், ஆனால் மூலையைத் தின்றுவிடும். அரை அங்குல ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கு, அந்த வண்டியில் பாதி நட்டு அதுதான்.

நெல்மணி உயரம் போதும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் காலையும் மாலையும் விடு. பிறகு வெல்டிங் தெரிந்தவரிடம் ஒரு நட்டை அதன் மேல் வைத்து உள்ளே பற்றவைக்கச் சொல். பற்றுச் சூடே துருவை உடைக்கும். செந்நிறம் போனதும் முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, அப்புறம் கழற்று. பெற்றோல் பம்ப் பக்கம் ஈரச் சாக்கு, பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு.

சும்மா ஒரு மச்சான் (ஞாயிறு, பகல் 1.10)

ஏ12 என்று நான் முதலிலேயே சொன்னேன்.

தலவாக்கலை மைனர் (வியாழன், இரவு 8.15)

வந்துவிட்டது! கேட் செய்கிற ஒரு பட்டறைத் தம்பி வீட்டுக்கே வந்து பற்றவைத்தார். முதல் நட்டு பிய்ந்தது, இரண்டாவது பிடித்தது. அதே ஆள் 5/16 ஸ்டட் ஒன்றும் தேடிக் கொடுத்தார். ஹெட்டுக்குள் போகும் பக்கம் பரும்புரி, நட்டுப் பக்கம் நுண்புரி என்று அவர்தான் காட்டினார்.

தெர்மோஸ்டாட் எந்த அளவு? கடையில் 74, 82, 88 என்று மூன்று சொல்கிறார்கள்.

ஹப்புத்தளை டீச்சர் (வியாழன், இரவு 8.50)

82 போடுங்கள். பாடம் நடத்துகிற பழக்கம் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். தலவாக்கலையில் ஏறக்குறைய 96, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94க்குக் கிட்ட. 88இல் திறக்கத் தொடங்குகிற தெர்மோஸ்டாட்டை அங்கே போட்டால், மூடி அழுத்தம் விட்ட நாளில் கொதிக்க 6 பாகைதான் மிச்சம். 7 பவுண்டு மூடி ஒழுங்காகப் பிடித்தால் நுவரெலியாவிலும் 105ஐத் தாண்டித்தான் கொதிக்கும். அந்தச் சின்ன மூடியின் மதிப்பு மலையில்தான் தெரியும்.

மாட்டுமுன் சோதியுங்கள். நூலில் கட்டி, சட்டித் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றும் வைத்து அடுப்பை மூட்டுங்கள். 82 பக்கம் வாய் திறக்கிறதா பாருங்கள். சமையல் சட்டி வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

தலவாக்கலை மைனர் (வெள்ளி, இரவு 7.40)

சட்டி விஷயம் ஒரு நாள் தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள் டீச்சர்.

இனி வெறும் பீலித் தண்ணீர் ஊற்றலாமா, கூலண்ட் வேண்டுமா? இங்கே உறையவா போகிறது?

பழைய ஃபிட்டர் (சனி, காலை 6.00)

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்திருப்பாய். அதற்காக எஞ்சின் வெடித்துவிடாது. கூலண்ட் நமக்குத் துருவுக்காக வேண்டும். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், பற்று ஈயம். எத்தனை உலோகம் ஒரே தண்ணீரில்! பழைய எஞ்சினுக்குரிய, சிலிக்கேட் சேர்ந்த எதிலீன் கிளைக்கோல் வகையைக் கேட்டு வாங்கு. நிறத்தைப் பார்த்து வாங்காதே, ஆளுக்கொரு நிறத்தில் விற்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு அது, மிச்சம் காய்ச்சி வடித்த தண்ணீர். மொத்தம் 5 லீற்றர் அளவுதான் பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று.

முதலில் பிளாக் பின்பக்கத்துக் குழாயைத் திறந்து பழையதை இறக்கு. திறந்தும் ஒன்றும் வராது, சேறு அடைத்திருக்கும், கம்பியால் குத்து. இறக்கியதை நாய் நக்கும் இடத்தில் வைக்காதே. இனிக்கும், கொன்றுவிடும்.

தலவாக்கலை மைனர் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30)

கம்பியால் குத்தியதும் கோப்பி நிறத்தில் கொட்டியது, பிறகு சிவப்பாக, பிறகுதான் தண்ணீர். ஹோஸ் குழாயால் அரை மணி நேரம் கழுவினேன்.

நுவரெலியாவுக்கு மூன்று தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவைக்குப் பிறகு மட்டம் ஒரு விரல்கடை இறங்கியது. அதன் பிறகு அசையவில்லை. மூடித் தயிரைத் துடைத்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட ஓட்டம் மட்டும் இருக்கிற வாரத்தில் லேசாகப் படிகிறது, மலை ஏறி வந்தால் காணாமல் போகிறது. ஹெட்டை யாரும் தொடவில்லை. தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்க்கிறேன், நம்பவே முடியவில்லை.

பழைய ஃபிட்டர் (திங்கள், காலை 5.50)

இறங்கிய ஒரு விரல்கடை உள்ளே நின்ற காற்று, ஊற்றாதே. தினமும் திறப்பதையும் நிறுத்து தம்பி. அந்த மூடி ரப்பர் என்ன பாவம் செய்தது?

ஊவா ஏ40 (திங்கள், மாலை 6.30)

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். என் வண்டியில் அந்த ஹீட்டர் வாய்த் தகட்டில் ஈரம் இருக்கிறது, இரண்டு நட்டும் துருப்பிடித்து ஒன்றாகிப்போயிருக்கின்றன. கை வைக்கவா, வேண்டாமா?

வெலிமடை உருளைக்கிழங்கு (திங்கள், மாலை 6.45)

அரை அங்குல ஸ்பேனர் இருக்கிறதா என்று முதலில் சொல்லுங்கள்.